பழைய புத்தகங்களும் படங்களும் ஏலத்தில்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி எழும் கேள்விகள்

குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு ஏலம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே மீன் கண்ணெதிரே கிடக்கும், செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். புத்தக ஏலத்தில் சரக்கு மும்பையிலோ லண்டனிலோ இருக்கும். கேட்பவர் கையில் இருப்பது நாலு புகைப்படமும் பத்து வரி வர்ணனையும்தான். அதனால் லாபமும் நட்டமும் ஏல நாளில் உண்டாவது குறைவு. பக்கங்களை எண்ணும்போதும், வர்ணனையை வாசிக்கும்போதும், கட்டணத்தைக் கூட்டும்போதும்தான் அவை முடிவாகின்றன. கீழே உள்ளவை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும்.

பாட்டா காலத்துப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே பழைய புத்தகங்கள். எல்லாமே விலை போகுமா?

போகாது. பழசு என்பதால் மட்டும் ஒன்றும் விலை போவதில்லை. 1890இல் அச்சான பைபிளும் ஞானப்பாட்டும் பாடநூலும் ஏராளமாக அச்சானவை, தேடுபவர் குறைவு. சிதைந்த, அட்டையில்லாத பஞ்சாங்கக் கட்டும் அப்படித்தான்.

நம் பகுதியில் பிரித்து வைக்க வேண்டியவை வேறு. முதலில், 1870க்கு முன் தமிழில் அச்சானது எதுவானாலும் தனியாக எடுத்து வையுங்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் 1820களின் தொடக்கத்திலேயே அச்சுக்கூடம் நடத்தியது. அங்கே அச்சான துண்டு நூல்கள் எட்டுப் பக்கமும் பதினாறு பக்கமுமாக, அட்டைகூட இல்லாமல் இருக்கும். கனமான தோல் பைபிளைப் பத்திரப்படுத்திவிட்டு இவற்றை ஆக்கர் கடைக்குப் போடுவது இங்கே நடக்கும் முதல் தவறு. பெரிய நூல்களை நூலகங்கள் சேர்த்து வைத்தன, துண்டு நூல்களைப் படித்தவர்கள் கிழித்துப் போட்டார்கள். அரிதாகிப்போனதற்குக் காரணமே அதுதான்.

அடுத்து, திருவிதாங்கூர் சம்பந்தப்பட்டவை. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மெட்டீரின் 1871, 1883ஆம் ஆண்டு நூல்கள் இரண்டு, நாகமய்யா தொகுத்த 1906ஆம் ஆண்டு ஸ்டேட் மானுவல் (சமஸ்தான விவர நூல்) மூன்று தொகுதி, அதே பெயரில் வேலுப்பிள்ளையின் 1940ஆம் ஆண்டு நான்கு தொகுதி, திருவிதாங்கூர் கல்வெட்டுத் தொகுதிகள். இவற்றில் தொகுதி முழுதாக இருந்தால் ஒரு விலை; ஒன்று குறைந்தாலும் மிச்சத்துக்குப் பாதிகூடக் கிடைக்காது. உறவினர் வீட்டில் மூன்றாம் தொகுதி கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டு விற்பது நல்லது.

மூன்றாவது, பழந்தமிழ் இலக்கியங்களின் முதல் அச்சுகள். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகை 1887, உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891ஆம் ஆண்டு அச்சும் இதே வரிசையில் சேரும்.

புத்தகத்தில் ஆங்கில ஆண்டே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் இருக்கும், வேறு உருவத்தில். தலைப்புப் பக்கத்தில் ‘௲௮௱௮௰௭’ என்று கண்டால் அது 1887. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. அதற்கு முன் நிற்கும் எண்ணால் பெருக்க வேண்டும். ௮௱ எண்ணூறு, ௮௰ எண்பது, கடைசியில் ௭. பழைய நூல்களில் பக்க எண்களும் இப்படியே இருக்கும். பக்கங்களைச் சரிபார்க்க இந்தக் குறிகளை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் கொல்லம் ஆண்டு நிறைய வரும். ஆவணியில் தொடங்கி ஆடியில் முடியும் ஆண்டு அது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. ஆகவே ‘கொல்லம் 1081 ஆவணி’ 1905ஆம் ஆண்டு, ‘1081 ஆடி’ 1906. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு வருடம் தவறும். முதற்பதிப்பா இல்லையா என்ற வழக்கில் அந்த ஒரு வருடம் போதும்.

சகம் என்றால் 78 கூட்டுவது, கலி என்றால் 3101 கழிப்பது, திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழிப்பது. ‘விரோதி வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1829, 1889, 1949 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தாளும் எழுத்தும் அச்சகத்தின் பெயரும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். புள்ளியில்லாத மெய்யும், இரட்டைச் சுழி இல்லாத ஏகார ஓகாரமும் கண்டால் பழைய பக்கம் சாயலாம்.

தலைப்புப் பக்கத்தில் 1881 என்று இருக்கிறது. அப்படியானால் அசல்தானே?

அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். புதுதில்லியில் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் போன்ற பதிப்பகங்கள் பழைய நூல்களை அப்படியே படமெடுத்து அச்சிட்டன. பழைய தலைப்புப் பக்கமும் அப்படியே உள்ளே இருக்கும். அது நேர்மையான மறுபதிப்பு. முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ மறுபதிப்பு ஆண்டு தெளிவாகப் போட்டிருக்கும். அந்த ஒரு தாள் கிழிந்தோ கிழிக்கப்பட்டோ போனபின் கைமாறும்போதுதான் சிக்கல்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய அச்சில் ஈய எழுத்து தாளை அழுத்தியிருக்கும். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கத்தில் மேடு தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். ஆஃப்செட் மறுபதிப்பில் எழுத்து தாளின் மேல் தட்டையாகப் படிந்திருக்கும். படங்கள் சாம்பல் பூத்து விவரம் இழந்திருக்கும். மடிப்பு வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் சுருக்கிய ஒற்றைப் பக்கப் படம் இருக்கும்.

ஆண்டு சரியாக இருந்தாலும் பதிப்பு எது என்பது வேறு கேள்வி. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது முதல் பதிப்பு. அவரே திருத்திப் பெருக்கியது 1875. படிக்க உதவுவது இரண்டாவது, சேகரிப்பவர் தேடுவது முதலாவது. வர்ணனையில் ‘பழைய பதிப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆண்டு என்று கேட்காமல் தொகை சொல்லாதீர்கள்.

பக்கங்களைச் சரிபார்ப்பது என்றால் கடைசிப் பக்க எண்ணைப் பார்த்தால் போதாதா?

போதாது. ஏலத்தில் வாங்கியவர் ஏமாறுவதும், விற்றவரிடம் புத்தகம் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு புத்தகம் மூன்று நான்கு தனித்தனி எண் வரிசைகளால் ஆனது. முகவுரைக்கு ஒரு வரிசை, நூலுக்கு ஒன்று, அகராதிக்கும் பிழைதிருத்தத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுங்கள். அச்சகத்தில் தாளை மடித்துத் தைக்கும் கட்டுக்குப் பாரம் என்று பெயர். எட்டுப் பக்கப் பாரமும் உண்டு, பதினாறு பக்கப் பாரமும் உண்டு. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் சிறிதாக ஒரு எண்ணோ எழுத்தோ இருக்கும். அந்த வரிசை தொடர்கிறதா என்று பார்த்தால் நடுவில் ஒரு பாரமே விடுபட்டிருப்பது தெரிந்துவிடும். ஆங்கில நூல்களில் இந்த வரிசையில் ஜே, டபிள்யூ இரண்டும், யு–வி இரண்டில் ஒன்றும் இராது. அச்சுக்காரர்களின் பழைய வழக்கம் அது. பக்கம் காணாமல் போயிற்று என்று பதற வேண்டாம்.

படத்தாள்களுக்குப் பக்க எண் கிடையாது. தனியாக அச்சிட்டு இடையில் ஒட்டியவை. நூலின் முன்னால் படங்களின் பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். பட்டியல் இல்லையென்றால் வேறு பிரதியோடு ஒப்பிட வேண்டும். தமிழிணையம் மின்னூலகத்தில் பல நூல்கள் முழுதாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் பக்க எண்ணிக்கை கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களுக்கு மர்டாக் 1865இல் தொகுத்த பட்டியலும், பிரிட்டிஷ் மியூசியம் 1909இல் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியலும் இன்றும் கைகொடுக்கும்.

முதலில் காணாமல் போவது வரைபடம். மெட்டீரின் நூல்களில் திருவிதாங்கூர் வரைபடம் உண்டு. மடிப்பில் கிழிந்து, தனியாகக் கழன்று, யாரோ சுவரில் மாட்டியிருப்பார்கள். தையல் அருகே அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தாள் ஓரம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒன்றைப் பிளேடால் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஓரத்தைத் தேட விரலைத் தையல் மடிப்பில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலில் சிக்கும்.

வீட்டில் ரவிவர்மா படம் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?

லட்சமும் கோடியும் போவது அவர் கையால் தீட்டிய எண்ணெய் ஓவியங்கள். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கல்லச்சுப் படங்கள், அதாவது ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லில் வரைந்து அச்சிட்டவை. 1894இல் மும்பையில் தொடங்கி, பிறகு லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறிய அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அச்சானவை. அவற்றுக்கும் நல்ல விலை உண்டு, ஆனால் தரம் பார்த்து.

படத்தின் கீழ் விளிம்பைப் பாருங்கள். தலைப்பும் அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கே இருக்கும். சட்டத்துக்கு அளவாக அந்த விளிம்பை வெட்டியிருந்தால் விலை பெரிதாகக் குறையும். நம் ஊர்ச் சட்டக் கடைகளில் அந்தக் காலத்தில் வெட்டாமல் விட்டதே அபூர்வம். அடுத்து லென்ஸ். பழைய கல்லச்சில் வண்ணம் ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகளாகப் பரவியிருக்கும், ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் இம்மியளவு விலகல் தெரியும். இன்றைய அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் பூ வடிவத்தில் வரிசையாக நிற்கும். அப்படிக் கண்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

சமிக்கி, ஜரிகை, துணி ஒட்டி அலங்கரித்த படங்களைப் பிரித்துச் ‘சுத்தமாக்க’ வேண்டாம். அந்த ஒட்டுவேலைக்கென்றே வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எடுத்துவிட்டு அனுப்பலாமா?

தொடாதீர்கள். ஈரத்தில் வார்னிஷ் இளகி ஒட்டியிருக்கிறது. இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு படமெடுத்து, ‘ஒட்டியுள்ளது’ என்று எழுதி அனுப்புங்கள். பின்பலகை மட்டும் மாற்றலாம். பழைய பலகையின் அமிலம்தான் தாளைப் பழுப்பாக்குகிறது.

குமரிமுனை பற்றிய பழைய ஐரோப்பியப் படங்கள், வரைபடங்கள் ஏலத்தில் வருகின்றன. அசல் என்று எப்படித் தெரியும்?

அதிகம் தேடப்படுவது தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் அக்வாடிண்ட் (செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறை) வரிசை. இருவரும் 1792இல் தெற்கே வந்து பார்த்து வரைந்தார்கள். லண்டனில் 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளியாயின. களக்காட்டுப் பக்கத்திலிருந்து கண்ட குமரிமுனைக் காட்சி ஒன்று அதில் உண்டு. பின்னால் சிறிய அளவிலும் ஒரு பதிப்பு வந்தது. பெரிய அளவில் படம் மட்டுமே ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் இருக்கும். வர்ணனையில் அளவு இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

அசலில் மூன்று அடையாளங்களைத் தேடலாம். செப்புத் தகட்டை அழுத்தியதால் படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கும். ஓரம் நறுக்கிய பிரதியில் அது இராது. லென்ஸில் பார்த்தால் நிழல் பகுதிகள் வலை போல நுண்ணிய வெடிப்புகளாகத் தெரியும். வண்ணம் கையால் பூசியது. மர விளிம்பிலும் வான விளிம்பிலும் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாட்மன் என்ற நீர்க்குறியும் ஆண்டும் தெரியலாம். அந்த ஆண்டு படத்தில் அச்சிட்ட வெளியீட்டு ஆண்டுக்குப் பல வருடம் பிந்தியதாக இருந்தால் அது பின்னாளில் எடுத்த அச்சு. அசல் தகடுதான், ஆனால் விலை வேறு.

டச்சுக்காரர் பால்டேயஸின் மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியாக விற்பது நெடுநாள் வழக்கம். ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மறுபடி செதுக்கிய படங்களும் சந்தையில் உண்டு. தலைப்பு எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். 1741 குளச்சல் போரில் டச்சுப் படைத்தலைவர் டிலனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி ‘அக்காலத்து அச்சு’ என்று யாராவது காட்டினால் தள்ளி நில்லுங்கள். ஊரெல்லாம் புழங்கும் அந்தக் காட்சி பத்மநாபபுரம் அரண்மனை ஓவியத்திலிருந்து வந்தது.

விற்பதற்கு முன் தூசி தட்டி, கட்டு மாற்றி, கொஞ்சம் அழகாக்கலாமா?

தூசி தட்டலாம், அவ்வளவுதான். மென்மையான தூரிகையால், தையலிலிருந்து வெளிப்புறமாக. செல்லோ டேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றும் புத்தகத்துக்கு எமன். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சள் எண்ணெயாகத் தாளுக்குள் இறங்கும், பிறகு எதனாலும் போகாது. பழைய கட்டு கிழிந்திருந்தாலும் புதுக் கட்டைவிட மதிப்பு. புதிதாகக் கட்டும்போது ஓரம் வெட்டுவார்கள். பாரக் குறிகளும் விளிம்புக் குறிப்புகளும் அதோடு போகும். வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். தாள் நொறுங்கும், அட்டை வளையும்.

சேதத்தை மறைக்காமல் சொல்வதற்கு வார்த்தைகள் வேண்டும். பழுப்புப் புள்ளி, நீர்க்கறை, ராமபாணப் பூச்சித் துளை, கரையான் தின்றது, முதுகு கழன்றது, அட்டை மூட்டு விட்டது. துளை என்றால் எத்தனை பக்கம் ஊடுருவியிருக்கிறது, எழுத்தைத் தொட்டிருக்கிறதா என்று எழுதுங்கள். விளிம்பில் துளை என்றால் வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். எழுத்தில் துளையை மறைத்தால் புத்தகம் திரும்பி வரும்.

எங்கே விற்பது? நாகர்கோவிலில் இதற்கு ஏலம் உண்டா?

இங்கே இல்லை. சஃப்ரன்ஆர்ட், பண்டோல்ஸ், அஸ்டாகுரு போன்ற மும்பை ஏல நிறுவனங்கள் ஓவியம், அச்சுப் படம் பக்கம் வலுவானவை, பெரும்பாலும் இணையவழி. டேனியல், ரவிவர்மா படங்களுக்கு அவை பொருந்தும். தமிழ் நூல்களுக்கு அங்கே கேட்பவர் குறைவு. அவை பழம்புத்தக வணிகர் வழியாகவோ சேகரிப்பவர்களின் குழுக்களிலோ நல்ல கைக்குப் போகும். ஒற்றைப் பிரதியாக எஞ்சியிருக்கும் நூல் என்று தோன்றினால் விற்பதற்கு முன் ஒரு நூலகத்தில் காட்டி ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லுங்கள். விலை குறையாது, நூல் பதிவாவதால் கூடவும் செய்யும்.

மதிப்பீடு கேட்டு அனுப்பும்போது தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு, கடைசிப் பக்கம், எல்லாப் படத்தாள்கள், மோசமான சேதம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். முகப்பு அட்டை மட்டும் அனுப்பினால் பதில் வராது.

என் கையில் எவ்வளவு வரும்?

சுத்தியல் விழும் விலை, அதாவது ஏலம் முடியும் கடைசித் தொகை, உங்கள் விலை இல்லை. உதாரணத்துக்கு 40,000 ரூபாய்க்குச் சுத்தியல் விழுகிறது, விற்பவர் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 போகும். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. மிச்சம் 32,920. இதிலிருந்து புகைப்படக் கட்டணம், காப்பீடு, அனுப்பிய செலவு. கமிஷன் வீதம் பேச்சுக்கு உட்பட்டது. நல்ல சரக்கு என்றால் குறைப்பார்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அடிவிலை வைக்கலாம். அதற்குக் கீழே விற்க மாட்டார்கள். வழக்கமாக அது ஏல நிறுவனம் தரும் மதிப்பீட்டு வரம்பின் கீழ் எண்ணைத் தாண்டக் கூடாது. ஆசையில் உயர்த்தி வைத்தால் விலை போகாமல் திரும்பும். ஒருமுறை திரும்பியது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த ஏலத்தில் அதைவிடக் குறைவாகவே கேட்பார்கள். எங்கள் கணிப்பில் மதிப்பீட்டைச் சற்றுத் தாழ்த்தி வைப்பதே இரண்டு பேரைப் போட்டிக்கு இழுக்கும். ஏலத்துக்கு முன் பொருளை விலக்கினால் கட்டணம் உண்டா, விலை போகாவிட்டால் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வாங்குபவருக்குக் கணக்கு எப்படி?

மேலே ஏறும். அதே 40,000, வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 8,000. அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 1,440. ஆக 49,440. பொருளுக்கான வரி இதற்கு மேல். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு விதி, அச்சுப் படத்துக்கு வேறு விதி என்பதால் ஏலப் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்கு எதிரே போட்டிருப்பதைப் பாருங்கள். பிறகு அனுப்பும் செலவு. வெளிநாட்டு ஏலம் என்றால் இணையதளம் தனியாக ஒரு வீதம் எடுக்கும், வங்கி நாணய மாற்றுக்கு எடுக்கும், இங்கே சுங்கம் எடுக்கும்.

ஆகவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். வீட்டு வாசலில் 50,000க்கு மேல் ஆகக் கூடாது என்றால், அனுப்ப 1,500 கழித்து, மிச்சத்தை 1.236ஆல் வகுத்தால் ஏறத்தாழ 39,200. ஏலத்தில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் அது. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஏலம் பார்க்கும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஏலம் நடக்கும்போது கவனிக்க வேண்டியது?

முன்கூட்டியே உச்ச விலை எழுதிக் கொடுத்துவிடுவது நம் ஊருக்குச் சரி. அடைமழையில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நீங்கள் 39,000 எழுதிக் கொடுத்தாலும் எதிரே ஆள் இல்லையென்றால் அதைவிடக் கீழேயே முடியும். இரண்டு பேர் ஒரே தொகை எழுதியிருந்தால் முதலில் வந்தவருக்கு. அதனால் ஒரு வாரம் முன்பே கொடுங்கள்.

குறித்த நேரத்தில் முடியும் இணைய ஏலத்தில் கடைசி நொடியில் கேட்டுத் தட்டிவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் பெரும்பாலும் நேரம் நீளும். லண்டன் காலை 10 மணி நமக்குக் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30.

வாங்கிய புத்தகத்தில் படம் ஒன்று குறைகிறது. திருப்பலாமா?

வர்ணனையைப் பொறுத்தது. முழுமையானது என்று விற்றதில் பக்கமோ படமோ குறைந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் பல நிறுவனங்கள் திரும்ப எடுக்கும். எத்தனை நாள் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விதியிலும் வேறு. பொட்டலம் வந்த அன்றே எண்ண வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். ‘எல்லாக் குறைகளோடும்’, ‘திருப்புவதற்கில்லை’, ‘படங்களின் தொகுப்பாக’ என்ற மூன்று சொற்றொடரில் எது இருந்தாலும் அந்த வாசல் அடைபட்டது. கட்டுச் சேதம், கறை, வெற்றுத் தாள் குறைவு இவற்றுக்குத் திருப்ப முடியாது. ஏலத்துக்கு முன் நிலைமை அறிக்கை கேளுங்கள், பெரும்பாலும் இலவசம். “நன்றாக இருக்கிறதா” என்று கேட்டால் “இருக்கிறது” என்று வரும். “படங்கள் 16உம் உண்டா, வரைபடம் கிழிசல் எத்தனை செ.மீ.” என்று கேளுங்கள்.

ஓலைச்சுவடி, பழைய கையெழுத்துப் பிரதி விற்கலாமா? வெளிநாட்டில் விலை அதிகமாமே?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும், 75 ஆண்டு கடந்த அறிவியல், வரலாற்று, இலக்கிய, அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் தொல்பொருள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வில்லுப்பாட்டு ஏடு, வைத்திய ஏடு, நிலப் பத்திர ஓலை எல்லாம் இதில் அடங்கும். மகனுக்குத் துபாய்க்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவதும் ஏற்றுமதிதான்.

உள்நாட்டில் வீட்டுச் சொத்தை ஒருமுறை விற்பது வேறு. வாங்கி விற்பதைத் தொழிலாக வைத்தால் உரிமம் வேண்டும். படம் தீட்டிய சுவடி போன்ற சில வகைகளுக்குப் பதிவும் வேண்டும். ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை, வயது எதுவானாலும் வெளியே போக முடியாது. பழைய அச்சு நூலை அனுப்புவதாக இருந்தாலும் சுங்கத்தில் தடுத்துக் கேட்பார்கள்; தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிய பிறகே பொட்டலம் கட்டுங்கள். உள்ளூர் ஏலமே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

புத்தகத்தில் நூலக முத்திரை இருக்கிறது. வாங்கலாமா?

நீக்கப்பட்டது என்ற முத்திரையும் தேதியும் கூடவே இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பதில் வந்த பிறகு. சபை, பள்ளி, அரண்மனை, கோயில் முத்திரைக்கும் இதே வழி. முத்திரையைச் சுரண்டியிருந்தால், மையால் அடித்திருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

எப்படிக் கட்டி அனுப்புவது?

புத்தகத்தை முதலில் வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். அதன் மேல் பாலித்தீன், பிறகு பபிள் ராப், பிறகு இறுக்கமான பெட்டி. அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள், நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பலோடு. புத்தகம் அடிபடுவது எப்போதும் மூலையில். அட்டையை மடித்து நாலு மூலைக்கும் தொப்பி போடுங்கள். அச்சுப் படத்தை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வையுங்கள். மெல்லிய தாளைக் குழாயில் சுருட்டலாம், வார்னிஷ் பூசிய படத்தைச் சுருட்டினால் வண்ணம் வெடிக்கும். கண்ணாடியோடு அனுப்ப நேர்ந்தால் கண்ணாடி முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பேப்பர் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறாது. காப்பீடு போடுங்கள், பெட்டியின் ஆறு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

விற்கும்வரை வீட்டில் எப்படி வைத்திருப்பது? நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.

இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் என்பதால் ஈரம்தான் முதல் எதிரி. காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானி ஒன்று வாங்குங்கள். 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். 50ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இரும்பு அலமாரியை மழைக்காலத்தில் அடைத்தே வைத்தால் உள்ளே வியர்க்கும். காய்ந்த நாளில் இரண்டு மணி நேரம் திறந்து விடுங்கள். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை விரட்டும், ஆனால் காய்ந்த இலை பக்கத்துக்குள் கறை விடும். துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள்.

பூச்சி ஏற்கெனவே இறங்கிவிட்டால், அதாவது தட்டில் மாவு போல் பொடி விழுந்திருந்தால், புத்தகத்தைக் காற்றுப் போகாத பாலித்தீன் பையில் இறுகக் கட்டி மைனஸ் 18 முதல் 20 டிகிரி ஆழ்குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் பனி நீர் தாளில் இறங்கும். வார்னிஷ் பூசிய படங்களுக்கும் ஓலைக்கும் இந்த வைத்தியம் கிடையாது.